எல்லாரும் கையெழுத்துப் போடக்கூடிய வாக்கியம்

அண்ணன் இருக்கிற இடத்தில் நிம்மதியாகச் சண்டை போட முடியாது. இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், எங்கிருந்தாவது வந்து நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடித்ததும், "ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றீங்க" என்பார். நாங்கள் ஒன்றையே சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் ஒரு மூன்றாவது வாக்கியத்தைச் சொல்வார் பாருங்கள், அதைக் கேட்டால் மறுக்கத் தெம்பில்லாமல் தலையாட்டிவிடுவோம்.

அந்த வகுப்பில் யாருக்குமே தெம்பு கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் படிக்கிறவர்களுக்கான முதுகலைப் படிப்பு அது. சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும். பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதுதான் இதன் சிறப்பு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து தூங்குவதும் அதில் அடங்கும் என்பதைப் போடவில்லை. ஐந்து நாளும் உழைத்துவிட்டு வந்து, குளிரூட்டிய அறையில் இருட்டைப் போட்டுப் படம் காட்டினால் மனிதன் என்ன செய்வான்?

எங்களை நாலு நாலு பேராகப் பிரித்தார் ஒருங்கிணைப்பாளர். அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் குழுவில் ஜொகூர் மாநிலத்து உலு திராமில் புவியியல் சொல்லிக் கொடுக்கும் நான், ஓர் ஆய்வுக்கூடத்தில் இரசாயனம் பார்க்கும் தேவகி, வங்கியில் பொருளாதாரக் கணிப்பு எழுதும் ஹபிசா, அப்புறம், வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டவர். அவர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வேலை அனுபவத்தை வைத்து இடம் கிடைத்து வந்தவர். கம்பெனிதான் அவரைப் படிக்க அனுப்பியது. இந்த மாதிரிப் படித்த ஆள் ஒருவர் தங்களிடம் இருக்கிறார் என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு தேவை. யாரை அனுப்பலாம் என்று யோசித்திருப்பார்கள். யாரோடும் தகராறு இல்லாத ஒரே ஆள் இவர்தான் என்று முடிவாகியிருக்கும்.

முதல் மாதத்திலேயே நாங்கள் மூன்று பெண்களும் அடித்துக்கொண்டோம். ஓர் ஆறு கெட்டுப்போயிருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது என்று கேள்வி. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்தால் போதும், மற்றதெல்லாம் கதை என்றாள் தேவகி. நட்டம் எவ்வளவு என்று சொல்லாவிட்டால் எந்த அதிகாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றாள் ஹபிசா. கரையில் இருக்கிறவர்களைக் கேட்காமல் ஆற்றைப் பற்றிப் பேச நீங்கள் யார் என்று நான் எகிறினேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆத்துக்கு ஒடம்பு சரியில்ல. தேவகி காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்குது. ஹபிசா ஆஸ்பத்திரி செலவு பாக்குது. டீச்சர் வீட்டுல யாரு யாரு கஷ்டப்படுறாங்கன்னு பாக்குறாங்க. நோயாளி ஒருத்தர்தானேலா?"

அதையே ஹபிசாவுக்காக மலாயில் சொன்னார். டாக்டருக்கு வாயெல்லாம் பல். வெள்ளைப் பலகையில் எழுதியே வைத்துவிட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யார் சொன்னது சரி என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

இந்த வித்தையை எங்கே கற்றார் என்று ஒரு நாள் கேண்டீனில் கேட்டேன். பாலில்லாத கோப்பி ஓவில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க மேனேஜருக்கு வாய் ரொம்ப மோசம் டீச்சர். பங்களாதேஷ் பையனுங்கள கண்ட மேனிக்குத் திட்டுவாரு. அவரு பேசுற இங்கிலீஷ் அவனுங்களுக்குப் புரியாது. நான்தான் மலாய்ல சொல்லணும். 'முட்டாப்பசங்களா'ன்னு அவரு கத்துவாரு. 'இன்னும் கொஞ்சம் கவனமா செய்ங்கப்பா, பாஸ் ஒங்கள நம்பியிருக்காரு'ன்னு நான் சொல்லுவேன். அவனுங்க ஏதாச்சும் கெட்ட வார்த்தை சொல்லுவானுங்க. 'சரிங்க பாஸ்னு சொல்றானுங்க'ன்னு அவருகிட்ட சொல்லிடுவேன். ரெண்டு பக்கமும் சிரிச்சிக்கிட்டே போயிடுவாங்க."

"ஒரு நாளாவது மாட்டிக்கலையா?"

"எதுக்கு மாட்டணும்? ரெண்டு பக்கமும் அதைத்தானே கேக்க ஆசப்படுறாங்க."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அவரை எனக்குப் பிடிக்கும், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆற்றங்கரைக்குப் போகும்போது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வார். வெயிலில் தலைவலி என்றால் சட்டைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து நீட்டுவார். பிளாஸ்டிக் போத்தல் கொண்டுவரக் கூடாது என்று தேவகியும், தாகத்தில் செத்தால் யார் பொறுப்பு என்று ஹபிசாவும் முட்டிக்கொண்டபோது, அடுத்த வாரம் வீட்டிலிருந்து பெரிய அலுமினியக் கெண்டியில் பார்லி தண்ணீர் கொண்டுவந்தார். வேனிலிருந்து கரை வரைக்கும் அதைச் சிந்தாமல் தூக்கிவந்ததில் அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஆறு உலு திராமுக்கு வெளியே ஓடும் ஒரு சின்ன ஆறு. பெயர் வேண்டாம். மேலே ஒரு தொழிற்பேட்டை. அண்ணனுடைய தொழிற்சாலையும் அங்கேதான், இன்னும் பலவற்றோடு. கீழே கம்பம், அதாவது கிராமத்து வீடுகள். கம்பத்தின் ஓரத்தில் கமலாக்கா மாடு வைத்திருந்தார். எஸ்டேட்டைப் பிரித்து வீடமைப்பு வந்தபோது, வீட்டை விட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த குடும்பம். பாலும் தயிரும்தான் பிழைப்பு. அந்த வருடத்தில் அவருடைய பசுக்கள் இரண்டு கன்று போட்டுவிட்டன, உயிரில்லாமல். மற்றவை எலும்பும் தோலுமாக நின்றன. தண்ணீரா, புல்லா, வேறு நோவா என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வீடு மக் லோங்குடையது. பேரப் பிள்ளைகளோடு இருக்கும் மலாய்க்காரப் பெரியம்மா. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்துவிடும். ஹபிசா மலாயில் அவரைப் பேட்டி எடுத்தாள். நானும் தேவகியும் கமலாக்காவைத் தமிழில் எடுத்தோம். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

நாங்கள் போகும்போதெல்லாம் கமலாக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மாடு தண்ணி குடிக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

"பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா" என்போம். உண்மையும் அதுதான்.

எங்கள் திட்டம் எளிமையானது. முதலில் தண்ணீரை அளப்பது. பிறகு கரையோரம் வெட்டிவேர் நடுவது, வீட்டுக் குப்பையை ஆற்றில் கொட்டக் கூடாது என்று கம்பத்தில் பேசுவது. பிறகு மறுபடி அளப்பது. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சனிக்கிழமை வகுப்பு, ஆகவே வெள்ளிக்கிழமை ஆற்றுக்குப் போவோம். தேவகியின் அளவுகள் படுமோசமாக வந்தன. வெட்டிவேர் நட்டோம். கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

அதற்குள் வருடம் பிறந்தது. மாநிலத்தில் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு எங்கள் உயிரை எடுத்தார்கள். வகுப்பு சனிக்கிழமையிலேயே இருந்தது. ஆற்றுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போக ஆரம்பித்தோம். இதை முதலில் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. நாலு பேரும் சேர்ந்து சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அண்ணன் இருந்த குழுவில் எதுவுமே நாலு பேரும் சொன்னதாகத்தான் முடியும்.

தண்ணீர் தெளிந்துவிட்டது. தேவகியே நம்பவில்லை. மறுபடி போய் எடுத்தோம், இன்னும் தெளிவு. கம்பத்தில் நான் எடுத்த கணக்கெடுப்பில் ஆட்களுக்கு விழிப்புணர்வு கூடியிருந்தது. ஹபிசாவின் கணக்கில் நன்மை செலவை மிஞ்சியது. மூன்று துறையும் முதன்முறையாக ஒரே பக்கம் கை காட்டின. டாக்டர் நெகிழ்ந்துபோனார். கம்பத்து மக்களைப் பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் கூட்டி முடிவைச் சொல்ல வேண்டும், தொழிற்பேட்டைக்காரர்களையும் அழைக்க வேண்டும் என்றார். சாப்பாடும் சட்டையும் கொடுக்க அண்ணனின் கம்பெனி முன்வந்தது. எனக்கு அந்தச் செமஸ்டரோடு முடித்துவிட்டு, ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தூங்க வேண்டும் என்று இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் தேவகி கேண்டீனுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"காய்ச்சல்னு எம்சி லீவு போட்டிருந்தேன். செவ்வாக்கெழம கிளினிக்லேருந்து வர்ற வழியில ஆத்துப் பக்கம் போனேன். தண்ணி சாம்ப கலருல இருக்கு. மேல நுர மெதக்குது."

நான்தான் மெதுவாகக் கேட்டேன். "முன்ன நாம போனது வெள்ளிக்கெழம இல்ல?"

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. அரசாங்கத்துக்கு வெள்ளி விடுமுறை. தொழிற்பேட்டைக்கு அப்போதும் வேலை நாள். அவர்கள் சிங்கப்பூரோடு ஒத்து ஓடுகிறவர்கள், எப்போதும் ஞாயிறுதான் மூடுவார்கள். அவர்கள் மூடிய நாளில் நாங்கள் போய்த் தண்ணீர் மொண்டுவந்து, எங்கள் வெட்டிவேருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம். சாம்பிள் போத்தலில் தேதி எழுதினோம், கிழமை எழுதவில்லை. ஓர் இரசாயனக்காரி, ஒரு பொருளாதாரக்காரி, ஒரு புவியியல் டீச்சர். மூன்று பேருக்கும் தோன்றாத கிழமை.

நாலாவது ஆளுக்குத் தோன்றியிருக்குமா? தன் தொழிற்சாலை என்றைக்கு மூடும் என்பது அவருக்குத் தெரியாதா? நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் பதில் இரண்டு பக்கத்துக்கும் பொருத்தமாக இருக்கும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வேலை நாளில் மறுபடி அளக்க வேண்டும் என்றாள் தேவகி. அதற்கு இன்னொரு செமஸ்டர் ஆகும், வங்கியில் இனி லீவு கொடுக்க மாட்டார்கள் என்று ஹபிசா அழாத குறையாகச் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தேவகி சொன்னது சரி என்று பட்டது. ஹபிசா சொன்னதைச் செய்ய வேண்டும் போல இருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் தந்த வாக்கியம் இது. "வார விடுமுறை நாட்களில் சேகரித்த மாதிரிகளின்படி, ஆற்று நீரின் தரம் மேம்பட்டு வருவது தெரிகிறது. வேலை நாட்களிலும் ஆய்வைத் தொடர்வது நல்லது."

ஒரு சொல் பொய்யில்லை. வெள்ளியும் அப்போது விடுமுறைதான், ஞாயிறும் இப்போது விடுமுறைதான். தேவகிக்கு இரண்டாவது வரி, ஹபிசாவுக்கு முதல் வரி, டாக்டருக்கு 'மேம்பட்டு'. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். தேவகி போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

பாலாய் ராயாவில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. முன்வரிசையில் தொழிற்பேட்டைக்காரர்கள். நடுவில் அண்ணனுடைய கம்பெனி எச்ஆர் அம்மாள். மூன்றாவது வரிசையில் கமலாக்காவும், மடியில் பேத்தியோடு மக் லோங்கும். டாக்டர் மலாயில் பேசினார். திரையில் பச்சை அம்புக்குறி மேலே போனது. கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்.

கமலாக்கா எழுந்தார். சந்தையில் மலாய் பொழிகிறவர்தான். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்ததும் தமிழ்தான் வந்தது. "தம்பி, எனக்குச் சுருக்கமா சொல்லுங்க. மாடு தண்ணி குடிக்கலாமா, வேணாமா?"

மொழிபெயர்க்கச் சொல்லி டாக்டர் அண்ணனுக்குக் கை காட்டினார். அண்ணன் இன்னொரு மைக்கோடு எழுந்தார்.

"தண்ணி இப்ப நல்லா ஆயிட்டு வருதுக்கா."

"வருதுன்னா? வந்துருச்சா?"

"லீவு நாள்ல நல்லா இருக்குக்கா."

"மாட்டுக்கு லீவு நாளு தெரியுமா தம்பி?"

பின்னால் இருந்த தமிழாட்கள் சிரித்தார்கள். கமலாக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு கன்னு போச்சு. இருக்கிறதும் போனா நான் எங்க போவேன்? ஒங்களப் படிச்சவங்கன்னு நம்பித்தானே கேக்குறேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மைக்கைத் தாழ்த்தி, வாயிலிருந்து தூரமாகப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வேணாங்க்கா. குடிக்க விடாதீங்க. பைப்பு தண்ணிய புடிச்சி வைங்க."

கமலாக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் மைக்கை உயர்த்தி முன்வரிசையைப் பார்த்து மலாயில் சொன்னார். "அக்கா நமக்கெல்லாம் நன்றி சொல்கிறார். இந்த முன்னேற்றம் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்."

முன்வரிசை கை தட்டியது. ஹபிசாவும் தட்டினாள், அவளுக்குத் தமிழ் தெரியாது. தேவகி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த மாடுகள் பிழைத்துக்கொள்ளும் என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்த மனிதரைக் கட்டிப்பிடிப்பதா, அறைவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மக் லோங் எழுந்தார். மைக்குக்குக் காத்திருக்கவில்லை.

"தம்பி, மாட்டுக்கு வேணாம்னா, எங்க புள்ளைங்க குளிக்குதே? அதுங்களுக்கு?"

தமிழில் கேட்டார். எஸ்டேட்டுத் தமிழ், என் அப்பா பேசியதைப் போல அப்படியே. மக் லோங்கின் தகப்பனார் அதே எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர் என்பதும், அந்த அம்மா தமிழ்ப் பிள்ளைகளோடு எஸ்டேட் லயத்து வீடுகளில் வளர்ந்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவரும் கமலாக்காவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாளெல்லாம் பேசுவது தமிழில்தான். நாங்கள் அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறோம். அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை, மலாய்ப் பெயர், ஹபிசா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டோம்.

அண்ணன் அப்படியே நின்றார். கண்ணாடி கையில்தான் இருந்தது, துடைக்கவில்லை. அவர் உதடு எதையோ தேடியது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் முன்வரிசை, இந்தப் பக்கம் மடியிலிருந்து இறங்கி நிற்கும் குழந்தை. நடுவில் போடுவதற்கு ஒரு நாற்காலியும் இல்லை.

"குளிக்க விடாதீங்க மக் லோங்" என்றார். பிறகு மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து மலாயில் சொன்னார். "பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். தொழிற்சாலை மூடியிருக்கும் நாளில்தான் நாங்கள் தண்ணீர் எடுத்தோம். வேலை நாளில் அந்தத் தண்ணீர் நன்றாக இல்லை."

இரண்டு மொழியிலும் ஒரே சேதி. அவர் வாயிலிருந்து அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எச்ஆர் அம்மாள் எழுந்து கைபேசியோடு வெளியே போனார். ஆய்வு முடிவுகள் மறுபரிசீலனை செய்யப்படும், இப்போது எல்லாரும் சாப்பிடலாம் என்று டாக்டர் அறிவித்தார். ஹபிசா என் பக்கம் திரும்பி, அந்த அக்கா உண்மையில் என்னதான் கேட்டார் என்றாள். சொன்னேன். அவள் தட்டிய கைகளை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் இன்னொரு செமஸ்டர் ஓட்டினோம். ஹபிசாவின் வங்கி முணுமுணுத்துக்கொண்டு லீவு கொடுத்தது. வேலை நாளில் போய் எடுத்தோம். எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்பதை எங்களால் நிரூபிக்க முடியவில்லை. நல்ல தண்ணீர் இல்லை என்பதை நிரூபித்தோம். முடிவுரையில் மறுபடி முட்டிக்கொண்டு, கடைசியில் மூன்று பேரும் தனித்தனியாக மூன்று பத்தி எழுதினோம். அண்ணன் வகுப்புக்கு வரவில்லை. படிப்புக்குக் கட்டுவதைக் கம்பெனி நிறுத்திவிட்டது என்றார்கள், வேலையிலிருந்தே போய்விட்டார் என்றும் ஒரு பேச்சு. என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்கு, பாலாய் ராயாவின் பின்பக்கத்தில். வேனின் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. கையில் கைபேசி. திரையில் அவர் மனைவியின் பெயர் வந்து வந்து நின்றது. சேதி அதற்குள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் எல்லாருமே சொந்தக்காரர்கள்தான்.

"டீச்சர்" என்றார். "மக காலேஜ் போவுது. வீட்டுக் கடன் ஓடுது. வீட்டுல என்னன்னு சொல்றது? நீங்க ஒரு நல்ல வாக்கியமா சொல்லுங்களேன்."

நான் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியான வெயிலில் இரும்பு சுட்டது.

"நடந்தத அப்படியே சொல்லிடுங்கண்ணே."

கைபேசி மறுபடி அதிர ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்படிப் பேசிப் பழக்கமில்ல டீச்சர்" என்றார்.